வழி இல்லை என்று காட்டிய சீராளன்

முன்னொரு காலத்தில், மலையும் ஆறும் பங்கு போட்டுக்கொண்ட நாடு ஒன்று இருந்தது. அதன் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அக்கம்பக்கத்து நாட்டுக்காரர்களுக்குப் பொறாமை வரும், எனக்கு எதற்கு வம்பு. தரணிகொண்டான் என்ற மன்னர் அதை ஆண்டுவந்தார். வரி அதிகம் வாங்கமாட்டார், நியாயம் கேட்டு வந்தவனை வாசலில் நிற்கவைக்கமாட்டார், எல்லாவிதத்திலும் நல்லவர். மனதில் ஒன்று தோன்றிவிட்டால் மட்டும் அது நடந்தே தீரவேண்டும் என்பார்.

அந்த நாட்டுப் பாதைகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்தக் கதைக்குள் ஓர் அடிகூட வைக்க முடியாது. அங்கே ஊர்கள் இரண்டு வகை. மலைமேல் இருந்தவை மலையூர்கள், ஆற்றோரம் இருந்தவை கரையூர்கள். மலையூர்க்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பங்காளிகள், கரையூர்க்காரர்களும் அப்படித்தான். பங்காளிக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. ஆகவே மலையூர்ப் பெண் கரையூருக்கு வாழ்க்கைப்படுவாள், கரையூர்ப் பெண் மலையூருக்கு வாழ்க்கைப்படுவாள். கல்யாணம் நிச்சயமானதும் பெண்ணின் அண்ணன் தம்பிகள் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வரைக்கும் பாதை வெட்டுவார்கள். தங்கை கண்கலங்கினால் ஓடிப்போய்ப் பார்க்க வழி வேண்டுமல்லவா? அந்த நாட்டில் பாதை என்றாலே சம்பந்திப் பாதைதான். பங்காளி ஊருக்குப் பாதை வெட்டலாம் என்று எவருக்கும் தோன்றியதே இல்லை. பாதை இல்லாத இடமெல்லாம் முள்ளும் பாறையும் சேறுமாகக் கிடந்தது, பல்லக்கு போகாது. ஆற்றில் படகில் போகலாமே என்று கேட்பீர்கள். மன்னருக்குத் தண்ணீரைக் கண்டால் தலைசுற்றும். தலைநகரமும் ஆற்றோரத்தில்தான் இருந்தது. மாளிகையும் கோட்டையும் இருந்தாலும் கணக்குக்கு அதுவும் ஒரு கரையூர்தான்.

ஆண்டுதோறும் மன்னர் பல்லக்கில் நாட்டைச் சுற்றி வருவது வழக்கம். அந்த ஆண்டு சுற்றும்போது ஒரு கரையூரை இரண்டாம் முறை கடக்க நேர்ந்தது. முதல் முறை மேளதாளம், பூரணகும்பம், ஆரத்தி எல்லாம் அமர்க்களப்பட்டன. இரண்டாம் முறை ஒருவரும் வரவில்லை. பாதையில் நெல் காயப்போட்டிருந்த ஒரு பெண்மணி மட்டும் நிமிர்ந்து பார்த்து, பல்லக்கைக் கொஞ்சம் ஓரமாகத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள். அவள் மேல் குற்றம் இல்லை, வெயில் போய்விட்டால் நெல் காயாது. ஆனால் மன்னருக்கு மனம் புண்பட்டுவிட்டது. அரண்மனைக்கு வந்த கையோடு ஆணையிட்டார். அடுத்த முறை தலைநகரிலிருந்து கிளம்பி, நாட்டில் உள்ள எல்லா ஊருக்கும் போய், எந்த ஊருக்கும் இரண்டாம் முறை போகாமல் தலைநகருக்குத் திரும்ப வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த வேலை வாகீச பண்டிதரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அரண்மனைத் தர்க்கசாலையின் தலைவர். படிப்பில் குறை சொல்ல முடியாது. தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் உண்டு என்று ஒப்புக்கொள்வது மட்டும் அவருக்கு ஆகாது. சபைமண்டபத் தரையில் நாட்டை அப்படியே வரையச் செய்தார். கரையூருக்கு ஒரு சோழி, மலையூருக்கு ஒரு புளியங்கொட்டை, பாதைக்குச் சுண்ணாம்புக் கோடு. சீடர்கள் சிவப்பு நூலைத் தலைநகரச் சோழியில் தொடங்கி ஊர் ஊராக ஓட்டிப் பார்த்தார்கள். நூல் அழகாகச் சுற்றிவரும், முடியும்போது பார்த்தால் ஏதாவது ஓர் ஊர் வெளியே நிற்கும். நூலை எடுத்துவிட்டு வேறு விதமாக ஓட்டுவார்கள், வேறோர் ஊர் வெளியே நிற்கும். மன்னர் கேட்கும்போதெல்லாம் பண்டிதர், வழி நெருங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் சீராளன், சபையின் விகடன். அவனும் அதே தர்க்கசாலையில் படித்தவன்தான். குருநாதர் எதைச் சொன்னாலும் எப்படித் தெரியும் என்று கேட்டுக் கேட்டுப் பாதியில் விரட்டப்பட்டான். அதற்குப் பிறகு மன்னரைச் சிரிக்கவைத்துப் பிழைத்தான். அடக்கம் ஒடுக்கம் எல்லாம் அவனிடம் எதிர்பார்க்கக் கூடாது. தன் மூளையைப் பற்றி அவனுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது, அதை மறைக்கவும் மாட்டான். எனக்கு அவனைப் பிடித்ததற்கே அதுதான் காரணம்.

சீடர்கள் நூல் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒன்றைக் கவனித்தான். ஓர் ஊர் மட்டும் மிஞ்சும்போதெல்லாம் மிஞ்சியது புளியங்கொட்டையாகவே இருந்தது. ஒருமுறைகூடச் சோழி மிஞ்சவில்லை. வெற்றிலையை மென்றபடி யோசித்தான். யோசித்து முடித்ததும் எழுந்து, அப்படி ஒரு வழியே கிடையாது, நூலைச் சுற்றி வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போகலாம் என்றான்.

மன்னருக்கு முகம் சிவந்தது. பண்டிதருக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மன்னர் தன்னைவிடச் சீராளனோடு அதிக நேரம் பேசுகிறார் என்ற எரிச்சல் அவருக்கு நெடுநாளாக உண்டு. இன்று ஆள் தானாகவே வந்து மாட்டிக்கொண்டான் என்று நினைத்தார்.

“அரசே, உண்டு என்று தேடுகிறவனுக்குக் கிடைக்கத் தாமதமாகலாம். இல்லை என்று சொல்கிறவன் அதை நிரூபித்தாக வேண்டும்” என்றார் பண்டிதர். “இந்த நாட்டைச் சுற்ற எத்தனை விதம் உண்டோ அத்தனையையும் சீராளன் தங்கள் கண்முன்னே ஒவ்வொன்றாக ஓட்டிக்காட்டி, ஒவ்வொன்றும் தவறுகிறது என்று மெய்ப்பிக்கட்டும். ஒன்றை விட்டாலும் சரியான வழி அந்த ஒன்றாக இருக்கலாம். அவனால் முடியாவிட்டால் இனி இந்தச் சபையிலும் இந்த நாட்டிலும் அவன் வாய்திறந்து பேசக் கூடாது.”

கூட இருந்த அதிகாரிகள் ஆளுக்கொரு பக்கம் தலையாட்டினார்கள். பேச்சினால் பிழைப்பவனுக்கு வாயை மூடுவதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை, அது அவர்களுக்கும் தெரியும். மன்னர் கோபத்தில் அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறும் பழக்கம் அவருக்கு இல்லை. பின்வாங்கச் சீராளனுடைய கர்வம் விடவில்லை. தன் நாக்கையே பணயம் வைப்பதாகவும், மறுநாள் காலை தொடங்குவதாகவும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் சபை கூடியது. சீராளன் நூலை எடுத்து முதல் வழியை ஓட்டினான். ஒரு மலையூர் மிஞ்சியது. மன்னரை நிமிர்ந்து பார்த்து, கண்டீர்களா என்று கேட்டான். கண்டேன் என்றார் மன்னர். அடுத்த வழியை ஓட்டினான், மறுபடியும் கேட்டான். மன்னர் கொட்டாவி விட்டபோது கண் மூடியது என்று சொல்லி அந்த வழியை முதலிலிருந்து மறுபடி ஓட்டினான். மன்னர் ஒருமுறை வெளியே போய்வர எழுந்தார். சீராளன் கைகூப்பி நின்று, மன்னர் கண்முன்னே காட்டப்படாத வழி செல்லாது, ஆணை அப்படித்தான் இருக்கிறது என்று நினைவூட்டினான். மன்னர் மறுபடி உட்கார்ந்தார்.

நண்பகலுக்கெல்லாம் அரண்மனைச் சமையல்கட்டிலிருந்து தாளித்த மணம் வந்துகொண்டிருந்தது. சீராளன் நிதானமாக நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான். மன்னருக்கு இடுப்பு மரத்துப்போயிற்று, வயிறு கூப்பிட்டது. இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.

“இப்போதுதான் ஆரம்பம், அரசே. இந்த நாட்டில் ஒவ்வோர் ஊரிலிருந்தும் பல ஊர்களுக்குப் பாதை இருக்கிறது. ஓர் ஊரில் திரும்பும் பக்கத்தை மாற்றினால் மேற்கொண்டு எல்லாமே மாறிவிடும். என் ஆயுளும் தங்கள் ஆயுளும் போதாது. தங்கள் பேரனின் பேரனும் இதே ஆசனத்தில் பசியோடு உட்கார்ந்து நூலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போதும் பாதி முடிந்திருக்காது” என்றான்.

பண்டிதர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மேலே விதானத்தைப் பார்த்தார். இது இப்படி நீளும் என்பது அவருக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் நிபந்தனை போட்டார். சீராளன் கிழவனாகும்வரை நூலோடு கிடக்கட்டும் என்பது அவர் எண்ணம். கூடவே மன்னரும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் அவர் யோசனையில் வரவில்லை.

இதைவிடச் சுருக்கமாக நிரூபிக்க வழியில்லையா என்று மன்னர் ஏறக்குறையக் கெஞ்சினார். இருக்கிறது, ஆனால் பண்டிதர் விதித்த நிபந்தனை அதற்கு இடம் கொடுக்காது என்றான் சீராளன். மன்னர் அந்தக் கணமே நிபந்தனையைத் தூக்கிப்போட்டார். பண்டிதரும் சும்மா விடவில்லை, புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். சீராளன் எப்படி வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். ஆனால் நிரூபித்து முடிக்கும்போது சபையில் எவரும் ‘ஆனால்’ என்று சொல்ல இடம் இருக்கக் கூடாது. ஒரே ஒரு ‘ஆனால்’ பதில் இல்லாமல் நின்றாலும் அவன் தோற்றவன். அதிகாரிகள் எல்லாரும் ஆளுக்கு ஓர் ‘ஆனால்’ தயார் செய்துகொண்டு வந்துவிடுவார்கள் என்று அவருக்கு நம்பிக்கை.

சீராளன் ஒப்புக்கொண்டான். நாட்டின் எல்லா ஊர்த் தலைவர்களையும் மறுநாள் சபைக்கு அழைக்கும்படி மட்டும் கேட்டான். அறுவடைத் திருவிழாவுக்காக அவர்கள் தலைநகரிலேயே தங்கியிருந்ததால் அதில் சிரமம் இல்லை.

காலையில் சபை நிரம்பி வழிந்தது. கம்பளி போர்த்திய மலையூர்த் தலைவர்கள் ஒரு பக்கம், வெள்ளைத் துண்டு போட்ட கரையூர்த் தலைவர்கள் எதிர்ப்பக்கம். பங்காளிகள் ஒன்றாக நிற்பது அவர்கள் வழக்கம், யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. மன்னரை ஆசனத்தைவிட்டு இறங்கிவந்து வெள்ளைத் துண்டுக்காரர்களோடு நிற்கும்படி சீராளன் வேண்டினான். தலைநகரமும் கரையூர், அதற்குத் தலைவர் மன்னர், ஆகவே இடம் அங்கேதான் என்றான். அதிகாரிகள் முணுமுணுத்தார்கள். மன்னருக்கு வேடிக்கையாக இருந்ததால் இறங்கிவந்து நின்றார்.

“அரசே, தாங்கள் எந்த வழியில் சுற்றினாலும் சரி. ஒரு மலையூரை விட்டுக் கிளம்பினால் அடுத்து எங்கே போவீர்கள்?” என்று கேட்டான் சீராளன்.

“கரையூருக்குத்தான். மலையூரிலிருந்து வேறெங்கே பாதை இருக்கிறது?”

“இரண்டு மலையூர்களிலிருந்து ஒரே கரையூருக்கு இறங்குவீர்களா?”

“இறங்கினால் அந்த ஊருக்கு இரண்டாம் முறை போனதாகிவிடுமே. மாட்டேன்.”

சீராளன் மலைத்தலைவர்கள் பக்கம் திரும்பினான். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த வழியை மனதில் வைத்துக்கொள்ளட்டும் என்றான். மன்னர் தம் ஊரைவிட்டு எந்தக் கரையூருக்கு இறங்குவாரோ அந்தக் கரையூர்த் தலைவரின் வலக்கையை அவர் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பிடித்த கையை இன்னொருவர் பிடிக்கக் கூடாது. மன்னரின் கையைப் பிடிப்பவர் ஊர்தான் அவர் தலைநகருக்குத் திரும்புமுன் தங்கும் கடைசி ஊர். மற்றபடி யார் யார் கையைப் பிடிப்பது என்று தான் எதுவும் சொல்லப்போவதில்லை என்றான்.

கேட்கவேண்டுமா? மன்னர் கையைப் பிடிக்கத்தான் பாதிப்பேர் ஓடினார்கள். தள்ளுமுள்ளு ஓய்ந்து, ஒருவழியாகக் கம்பளிக்காரர்களும் துண்டுக்காரர்களும் கைகோத்து நின்றார்கள். கடைசியில் கருங்குன்றத்துத் தலைவர் வேங்கையன் மட்டும் தனியே நின்றார். வயதானவர், ஆள் நல்ல முரடு. இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் போனார், பிடிக்க ஒரு வலக்கைகூட மிஞ்சவில்லை.

“ஏஞ் சாமி, எனக்கு மட்டும் கையில்லையா? எங்க ஊரு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?” என்று கேட்டார். அவரே நேராக மன்னரிடம் போனார். “ராசா, உங்க இடது கை சும்மாதான இருக்குது. அதைக் குடுங்க.”

மன்னரும் இரக்கப்பட்டு நீட்டப்போனார். சீராளன் குறுக்கே வந்தான். வலக்கையைப் பிடித்தவர் ஊரிலிருந்து ஒருமுறை தலைநகருக்குள் நுழைந்தாயிற்று, இவர் இடக்கையைப் பிடித்தால் இரண்டாம் முறை நுழைவதாகும், அப்போது நெல் காயப்போடுவது மகாராணியாகக்கூட இருக்கலாம் என்றான். மன்னர் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

இப்போது பண்டிதர் முன்னே வந்தார். இதற்காகத்தான் காத்திருந்தார்.

“ஆனால் இவர்கள் நினைத்தது ஒரு வழி. வேறு வழியில் வேறு கைகள் சேரும். நீ காட்டியது ஒன்றே ஒன்று தவறுகிறது என்பதை மட்டும்தான்” என்றார்.

சீராளன் விலகி நின்று, பண்டிதரே கைகளைத் தம் விருப்பப்படி சேர்க்கலாம் என்று இடம் விட்டான். பண்டிதர் மேலாடையை இறுக்கிக்கொண்டு இறங்கினார். வேங்கையனுக்கு ஒரு கரையூர்த் தலைவரின் கையைப் பிடித்துக் கொடுத்தார். கிழவருக்கு வாயெல்லாம் பல். ஆனால் அந்தக் கையை விட்டுக்கொடுத்த மலைத்தலைவர் இப்போது தனியாக நின்றார். அவருக்கு ஒரு கை தேடித்தந்தார், அடுத்தவர் தனியாக நின்றார். பண்டிதர் இங்கும் அங்கும் ஓடினார், வியர்த்தார், ஒரு தலைவரின் கையை இழுத்த இழுப்பில் அவருடைய துண்டே கீழே விழுந்தது. அதிகாரிகளும் தம்பங்குக்கு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எந்த யோசனையைச் செய்தாலும் யாரோ ஒரு கம்பளிக்காரர் கையில்லாமல் நின்றார்.

“போதும், ஐயா” என்றான் சீராளன். குரலில் கேலி இல்லை. “கம்பளிகள் துண்டுகளைவிட ஒன்று அதிகம். நீங்கள் எப்படிச் சேர்த்தாலும் மிஞ்சுகிற ஆள் மாறுவார், ஓர் ஆள் மிஞ்சுவது மாறாது. இதுவரை நூலில் ஓட்டிய வழிகளும், இனி ஒருவரும் ஓட்டிப் பார்க்கப்போகாத வழிகளும் இந்தக் கைகளுக்குள் அடங்கிவிட்டன.”

பண்டிதர் மூச்சுவாங்கினார். இன்னும் ஒரு ‘ஆனால்’ அவரிடம் இருந்தது. எண்ணி முடியாத வழிகளை இவ்வளவு சின்ன நிரூபணம் எப்படி அடக்கும், பெரிய கேள்விக்குப் பெரிய விடைதானே வேண்டும் என்று கேட்டார். உண்மையாகவே அவருக்கு அது விளங்கவில்லை, பாவம்.

“நீளத்துக்கு நான் பணயம் வைக்கவில்லை” என்றான் சீராளன். “எல்லாக் கேள்விக்கும் இப்படிச் சின்ன நிரூபணம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவும் இல்லை. சிலதுக்குக் கடைசிவரை நூல் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு கதியில்லாமலும் இருக்கலாம். இந்தக் கேள்விக்குச் சின்னது ஒன்று இருந்தது. அதை நான் கண்டுபிடித்தேன். எனக்கு அதில் பெருமைதான்.”

பண்டிதரின் ‘ஆனால்’கள் தீர்ந்துபோயின. அதிகாரிகள் கொண்டுவந்த ‘ஆனால்’கள் வந்த இடத்துக்கே திரும்பிப் போயின.

சீராளன் வென்றுவிட்டான் என்றுதான் நினைப்பீர்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். ஆனால் மன்னர் சிரிக்கவில்லை. தன் கையைப் பிடித்திருந்த மலைத்தலைவரின் கையை உதறிவிட்டு மெதுவாக ஆசனத்தில் போய் உட்கார்ந்தார்.

“நான் ஆளும் நாட்டில் நான் செய்யவே முடியாத காரியம் ஒன்று உண்டு என்று என் சபையிலேயே, என் குடிகள் முன்னாலேயே, என்னையே ஓர் ஆளாக நிறுத்திக் காட்டிவிட்டாய்” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அவர் அந்தக் குரலில் பேசிய பிறகு நல்லது நடந்து யாரும் பார்த்ததில்லை. பண்டிதரின் முகத்தில் மறுபடி உயிர் வந்தது.

பணயம் வைத்த நாக்கு இன்னும் எத்தனை நாழிகை தன்னுடையதாக இருக்கும் என்று சீராளனுக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். வேறெவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். சீராளன் நிமிர்ந்து நின்றான்.

“உண்டு, அரசே. முடியாதது எல்லா அரசர்களுக்கும் உண்டு. மற்றவர்கள் அது தெரியாமல் படையை அனுப்புவார்கள், தேடிக் கொண்டுவராதவனைச் சிறையில் போடுவார்கள், கடைசியில் தேடிக்கொண்டே கண்மூடுவார்கள். ஏன் முடியாது என்பதைத் தன் கையாலேயே பிடித்துப் பார்த்த அரசர் தாங்கள் ஒருவர்தான். நான் விகடம் செய்து பிழைப்பவன். ஆனாலும் இப்படி ஓர் அரசரின் சபையில் பேசினேன் என்பதற்காக, இனிமேல் பேசாமல் இருக்கச் சொன்னாலும் சம்மதம்.”

மன்னர் தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எதிரே நின்ற வேங்கையனைப் பார்த்தார். இத்தனை கைகலப்புக்குப் பிறகு கிழவர் மறுபடியும் தனியாகவே நின்றிருந்தார், எவன் கையாவது கிடைக்காதா என்று இன்னமும் கண்ணால் தேடிக்கொண்டிருந்தார். மன்னருக்கு உதட்டோரம் துடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். மன்னர் சிரித்ததும் பல்லக்குத் தூக்கிகள்வரை எல்லாரும் சிரித்தார்கள்.

“சீராளன் நாக்கு சீராளனுடையதே” என்றார் மன்னர். “இந்த நாட்டில் குறைவது ஒரு கரையூர், அவ்வளவுதானே? ஆற்று வளைவில் இருக்கும் நிலத்தை உனக்குக் கொடுத்தேன். ஓர் ஊர் கட்டு. வரி கிடையாது. ஊருக்கு உன் பெயர், தலைவனும் நீ.”

சொல்லி வாய்மூடவில்லை. வேங்கையன் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்து சீராளனின் வலக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“இனி நீ கரையூரு ஆளு. இந்தக் கைய நான் விடமாட்டேன்” என்றார். “எம் பேத்தியக் குடுக்கறேன். உங்க ஊருல ஒரு மாப்பிள்ளைய மட்டும் பாத்து வையி. எங்க பையனுங்க நாளைக்கே கடப்பாரைய எடுத்துருவானுங்க.”

சீராளனின் கண்கள் கலங்கின. ஒரு முழு வாழ்க்கையைப் பேசியே கழித்தவன், அந்த நேரத்தில் ஒரு சொல்லும் சொல்லாமல் கிழவரின் கையை இறுக்கிப் பிடித்தான். மற்ற மலைத்தலைவர்களும் எங்கள் ஊரிலும் பெண் இருக்கிறாள், எங்கள் ஊரிலும் பெண் இருக்கிறாள் என்று சூழ்ந்துகொண்டார்கள். இன்னும் ஒரு கல்கூட நடப்படாத ஊருக்குச் சபையிலேயே சம்பந்தம் பேசி முடிந்தது.

அந்தச் சந்தடியில் வாகீச பண்டிதருக்கு ஒரு யோசனை உதித்தது. விரைந்து முன்னே வந்து, கம்பளியும் துண்டும் இப்போது சமமாகிவிட்டன, ஆகவே மன்னர் கேட்ட வழி இனி நிச்சயமாக உண்டு, தாம் தொடக்கத்திலிருந்து சொன்னதும் அதுதான் என்று அறிவித்தார். மன்னர் சீராளனைப் பார்த்தார்.

“இல்லை என்று இனி என்னால் சொல்ல முடியாது, அரசே. புது ஊர் வந்ததும் என் நிரூபணம் போய்விட்டது” என்றான் சீராளன். “அதனால் உண்டு என்றும் ஆகிவிடாது. கைகள் சரியாகச் சேர்ந்தால் மட்டும் வழி வந்துவிடுவதில்லை, நடுவே பாதை சிக்கலாம், இரண்டு சின்ன வட்டமாகப் பிரிந்து போகலாம். உண்டு என்று பண்டிதர் சொல்கிறார். அவருக்கு என்னைப் போலக் கஷ்டம் இல்லை. எல்லா வழியையும் காட்டத் தேவையில்லை, ஒரே ஒரு வழியைக் காட்டினால் போதும். காட்டிவிட்டால் சரியா தவறா என்று சோறு வேகிற நேரத்துக்குள் நானே பார்த்துச் சொல்லிவிடுகிறேன். கண்டுபிடிப்பது மட்டும் அவர் பொறுப்பு.”

மன்னர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். இந்த முறை கிரீடம் சரிந்து காதில் தொங்கியது. சிரித்துக்கொண்டே தன் கழுத்து மாலையைக் கழற்றிச் சீராளனுக்குப் போட்டார். சிவப்பு நூலைக் கொண்டுவரச் சொல்லிப் பண்டிதர் கையில் கொடுத்தார். வழி கிடைக்கும்வரை பண்டிதர் தரையில் உட்கார்ந்து தேடலாம், வேளாவேளைக்குச் சாப்பாடு வரும், ஆனால் தான் மட்டும் கூட உட்காரமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

பண்டிதர் அந்த வழியைக் கண்டுபிடித்தாரா என்று வெளியூர்க்காரர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. எங்கள் ஊர் சீராளநல்லூர், ஆற்று வளைவில் இருக்கிறது. கண்டுபிடித்ததாகச் செய்தி எதுவும் வரவில்லை என்று சொல்வோம். அப்படியானால் வழி இல்லை என்றுதானே அர்த்தம் என்பார்கள். நாங்கள் சிரிப்போம். தேடிக் கிடைக்காமல் இருப்பது வேறு, இல்லாமல் இருப்பது வேறு. இந்த வித்தியாசம் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த ஊர் இந்த நாட்டிலேயே எங்களுடையது ஒன்றுதான். வேறோர் ஊரும் உண்டு என்பவர்கள் அதைக் காட்டட்டும், சோறு வேகிற நேரத்துக்குள் பார்த்துச் சொல்லிவிடுகிறோம்.